அலுமினியம் என்றால் இளப்பமா?

2016 ஜூனில் செவர்லே நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. லோடர் எந்திரம் ஒன்று 55 கான்கிரீட் கற்களை, மொத்தம் ஏறக்குறைய 375 கிலோ, மேலிருந்து இரண்டு பிக்கப் டிரக்குகளின் சரக்குப் பெட்டியில் கொட்டும். செவர்லே சில்வராடோவின் எஃகுப் பெட்டியில் கீறலும் ஒடுக்கும். ஃபோர்டு எஃப்-150இன் அலுமினியப் பெட்டியில் ஓட்டை. அன்று பிடித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவில் பிக்கப் வாங்கப்போகிறேன் என்று யாராவது வாய் திறந்தால் போதும், ‘அலுமினியமா? அது வெறும் டப்பா. உழைக்கிற வண்டி என்றால் எஃகுதான்’ என்று பாடம் நடத்த நாலு பேர் வந்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடும் லட்சணம் இதுவல்ல.

முதலில் அந்தக் கல் விவகாரம். இரண்டு பெட்டியிலும் உறை கிடையாது. கல் நேராகப் பெயிண்ட் மேலேயே விழுகிறது. கல்லும் ஜல்லியும் ஏற்றிப் பிழைப்பவர் முதல் வேலையாகப் பெட்லைனர் போட்டுவிடுவார். தடித்த ரப்பர் போன்ற பூச்சு அது. எஃகு வண்டிக்காரரும் அதைப் போடாமல் விடுவதில்லை. வேலைத்தளத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்துகாட்டி, வேலைத்தளத்துக்கு லாயக்கில்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

அடுத்து, ‘மோதினால் நசுங்கிவிடும்’ என்ற பயமுறுத்தல். 2015 மாடலில் ஃபோர்டு அலுமினியத்துக்கு மாற்றியது மேல்கூட்டைத்தான். வண்டியைத் தாங்கும் சட்டகம் இன்றும் உயர்வலிமை எஃகுதான். அந்த விளம்பரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 2016 ஏப்ரலில், காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஹெச்எஸ் சோதனை மையம் தன் முடிவுகளை வெளியிட்டது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் பக்க முன்மூலை மட்டும் தடுப்பில் மோதும் கடுமையான சோதனை. நான்கு கதவுப் பெரிய கேபின் வண்டிகளில் எஃப்-150க்கு முதல் தரம் கிடைத்தது. எஃகு உடம்பு கொண்ட சில்வராடோ, ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா மூன்றும் இரண்டு படி கீழே நின்றன. கல் விழுந்தால் பெட்டிக்கு என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவர்கள், உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு என்ன ஆகும் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

டிங்கர் வேலைக்குச் செலவு கூடுதல் என்பார்கள். கூடுதல்தான், ஆனால் பனிக்காலத்தில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ சாலைகளில் எஃகு துருப்பிடித்து ஆகும் செலவையும் அதோடு வைத்துப் பார்க்கட்டும்.

இவர்கள் தொடாமலே விடும் விஷயம் எடை. என்னைப் பொறுத்தவரை வழக்கே அதில்தான் இருக்கிறது. புதிய வடிவத்தில் எஃப்-150 இளைத்தது அதிகபட்சம் 700 பவுண்டு, அதாவது சுமார் 317 கிலோ. எதற்கு இந்த இளைப்பு? எந்த பிக்கப்பிலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை எடையைத் தாண்டவே கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். வண்டி மொத்தமாகத் தாங்கும் எடையில் வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த எண். சொந்த உடம்பில் குறையும் ஒவ்வொரு கிலோவும் சுமைக்கு வந்து சேரும்.

ஒரு குடும்பம் 3,000 கிலோ ட்ரெய்லரை இழுத்துப் போகிறது என்று வையுங்கள். ட்ரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கொக்கி வழியாக வண்டியின் முதுகில் இறங்கும். 300 முதல் 450 கிலோ அங்கேயே போச்சு. ஐந்து பேர் ஏறினால் இன்னொரு 350. பெட்டியில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு. ஸ்டிக்கரில் 700 கிலோ என்று இருந்தால் கணக்கு எப்போதோ தாண்டியிருக்கும். ஐந்து டன்னுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தொடுவதற்கு வெகு முன்பே இந்தச் சின்ன எண் கையைக் கட்டிவிடும். பின் டயர் பிதுங்கி, முன்சக்கரத்தின் பிடி தளர்ந்து, நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் ஆட்டம் காட்டும்போது எஃகுப் பெட்டி வந்து காப்பாற்றாது. இந்தக் கணக்கை மூடி மறைத்துவிட்டு ஓட்டையை மட்டும் காட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போட்டியாளர்களுக்கும் இது தெரியும். அந்த விளம்பரம் ஓடியபோதே சில்வராடோவின் பானட் அலுமினியம். 2019 மாடலாக வந்த புதிய சில்வராடோவில் கதவுகளும் பின்கதவும்கூட அலுமினியமாகின. பெட்டி எஃகாகவே இருந்தது. வண்டி 450 பவுண்டு வரை இளைத்துவிட்டது என்று அவர்களே பெருமையாக அறிவித்தார்கள். அதன் உடன்பிறப்பான ஜிஎம்சி சியராவுக்குக் கார்பன் இழைப் பெட்டி வந்தது. டொயோட்டா 2022 டன்ட்ராவுக்கு எஃகுப் பெட்டியே வேண்டாம் என்று கலப்புப் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. ஃபோர்டோ, எஃப்-150ஐவிடக் கனமான வேலைக்கு உள்ள சூப்பர் டூட்டியையும் 2017 மாடலில் அலுமினியத்துக்கு மாற்றியது.

இந்த வண்டிகளை ஒப்பிடப் போகிறவர் ஷோரூமில் பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தான் வாங்கப்போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படிக்கட்டும். பக்கத்திலேயே அதே மாடல் இன்னொன்று நிற்கும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்ந்த அந்த வண்டியில் எண் குறைவாகத்தான் இருக்கும்.