யார் யாரைத் தத்தெடுப்பது?



வங்கிக் கவுண்டரில் சலான் வாங்கிப் போடுகிறவனுக்கு மருத்துவக் கல்வி பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். நோயாளியின் மகன் என்ற தகுதி போதும்.

அம்மா தம்மம்பட்டிப் பக்கம் சேகோ ஆலைகளில் இருபது வருசம் மரவள்ளிக் கிழங்கு உரித்தவள். விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஸ்டூலில் உட்கார வைத்து, சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். பேராசிரியர் அவள் கையைத் தூக்கிக் காட்டி இங்கிலீஷில் கேள்வி கேட்டார். நுனி நாக்கில் இங்கிலீஷ் வைத்திருந்த மூன்று பேர் மாறி மாறிப் பதில் சொன்னார்கள். சோப்பு என்றார்கள், பாத்திரம் தேய்க்கிற பவுடர் என்றார்கள். "என்ன கண்ணு சொல்றாங்க, எனக்கு என்னவாம்?" என்று அம்மா என்னைக் கேட்டாள். சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதியிருந்தது.

எல்லோரும் நகர்ந்த பிறகு, கடைசியில் நின்றிருந்த ஒரு பையன் திரும்பி வந்தான். "கெழங்கு உரிக்கப் போறீங்களா ஆயா? எங்கம்மா கையும் இப்பிடித்தான் இருக்கும்."

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"என்னை யாரும் கேக்கலீங்கண்ணா. கேட்டாலும் இங்கிலீஷ்ல கோர்வையா வராது."

அந்தப் பையனின் மௌனம்தான் இந்தத் தலையங்கம்.

1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பிக்கப் புது முறை ஒன்றைத் தொடங்கினார்கள். முதலில் விரிவுரை கிடையாது. ஒரு நோயாளியின் பிரச்சினையை ஏழெட்டு மாணவர்கள் கொண்ட சிறு குழுவின் முன் வைப்பார்கள். நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எங்கே போய்த் தேடுவது என்று அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். பிரசங்கம் செய்ய மாட்டார். 1974இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டுக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றியது. பிரச்சினைவழிக் கற்றல் என்று சொல்லலாம்.

நல்ல முறைதான். ஆசிரியன் வாயிலிருந்து விழுவதே அறிவு என்ற குருகுல அதிகாரத்தை உடைக்கிற முறை. ஆனால் கடல் தாண்டியதும் சிக்கல் வந்தது. கிழக்காசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா என மூன்று இடத்து மருத்துவ மாணவர்களை ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வந்தது. மேலிருப்பவருக்குப் பணியும் பழக்கம், மரபு போன்ற கலாச்சாரக் கூறுகள் மேற்கு அல்லாத நாடுகளின் மாணவர்கள் சுயமாகக் கற்பதற்குச் சவாலாக இருக்கின்றன என்றது.

இந்தக் 'கலாச்சாரம்' என்ற சொல்லை நம் மண்ணுக்குக் கொண்டுவரும்போதுதான் நாம் உஷாராக இருக்க வேண்டும். 'நம்ம பசங்க பெரியவங்க முன்னால பேச மாட்டாங்க' என்று மழுப்பிவிடலாம். எந்தப் பசங்க? அந்த மூன்று பேர் பேசினார்களே! ஒரே வகுப்பில் ஒருவனுக்கு நாக்கு நீள்கிறது, ஒருவனுக்கு ஒட்டிக்கொள்கிறது என்றால் அதற்குக் கலாச்சாரம் என்று பொதுவாகப் பெயர் வைக்க முடியாது. அதன் பெயர் சாதி. 2007இல் சுகதேவ் தோரட் குழு தில்லி எய்ம்ஸ் பற்றித் தந்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். ஆசிரியரின் ஆதரவு இல்லை, மதிப்பெண்ணில் பாரபட்சம், விடுதியில் ஒதுக்கல் என்று தலித், ஆதிவாசி மாணவர்கள் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட கட்டிடத்துக்குள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா?

இந்தியாவில் 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றினார்கள். முதல் வருடமே நோயாளியைப் பார்ப்பது, சிறு குழு, சுயமாகக் கற்றல் எல்லாம் வந்தன. பிறகு குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று ஒன்று. மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் 'தத்தெடுத்து' அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். யார் யாரைத் தத்தெடுப்பது? கிழங்கு உரிக்கிறவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நோயின் காரணத்தைக் கற்றுக்கொள்கிற மாணவனுக்கு அவள்தானே ஆசிரியை?

வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வந்தது. 2022இல் நாமக்கல் உட்பட 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் திறக்கப்பட்டன. பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் வாயைத் திறக்க வைப்பது அடுத்த போராட்டம்.

தமிழில் முடியாது என்பார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பிற்பாடு தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்நியன் ஒருவனால் அன்றைக்கு முடிந்தது. இங்கே மொத்தப் படிப்பையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. குழு விவாதத்தையாவது தமிழில் நடத்துங்கள் என்கிறோம். வருகிற நோயாளி தமிழில்தானே முனகுகிறாள்?

அடுத்தது, பிரச்சினையை எழுதுவது யார் என்பது. 'நாற்பத்தைந்து வயதுப் பெண், கையில் புண், கூலி' என்று எழுதினால் களிம்போடு கதை முடிந்துவிடும். 'நாள் முழுக்க ஈரத்தில் கிழங்கு உரிப்பவர். எடைக் கணக்கில் கூலி' என்று எழுதிப் பாருங்கள். நாளெல்லாம் நனைந்த தோல் ஏன் வெடிக்கிறது என்பதில் ஆரம்பித்து, கையுறை போட்டால் வேகம் குறையுமே, குறைகிற கூலியை யார் தருவது, இந்த வேலை ஏன் இந்தத் தெருப் பெண்களுக்கே வருகிறது என்பது வரை மாணவர்கள் தேடியாக வேண்டும். சாக்கடையில் இறங்குகிறவரின் காய்ச்சலும் அப்படித்தான். சாதியை நீக்கிவிட்டு எழுதிய நோய்க்குறிப்பு பாதிக் குறிப்பு.

மருத்துவம் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலிருந்து ஆளுக்கொரு பிரச்சினையை எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொழில், கூலி, தண்ணீர், வீடு எல்லாம் இருக்கட்டும். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். அதை உங்கள் வகுப்புக் குழுவில் வைத்து, இதை விவாதிப்போம் என்று கேளுங்கள். முதல் ஆளாகக் கேட்பது கஷ்டம்தான். இரண்டு பேராகப் போங்கள்.

அம்மாவின் கை இன்னும் முழுசாக ஆறவில்லை. அந்தப் பையன் இப்போது டாக்டராகியிருப்பான். அவன் வகுப்பில் அவன் பின்னாலேயே நிற்கிற இன்னொருவன் இருந்தால், "நீ சொல்லுப்பா" என்று அவன் கேட்க வேண்டும்.