உறையில் ஒரு பெயர். உள்ளே எத்தனை பேர்?

கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள், "இன்னார் வீட்டு விருந்து பிரமாதம்!" என்று பேசிக் கொள்வார்கள். கோட்டை அடுப்புக்கு முன்னால் நின்று வெந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இசைத்தட்டு உலகத்திலும் இந்த வழக்கம் உண்டு.

1989-ம் ஆண்டில் "பேஷன்" என்ற இசைத்தட்டு வெளிவந்தது. உறையின் மேல் ஒரே ஒருவர் பெயர்: பீட்டர் கேப்ரியல். ஆனால், உள்ளே கேட்பது பாகிஸ்தான், செனகல், எகிப்து, துருக்கி, ஆர்மீனியா, பிரேசில் என்று பல நாட்டு இசை. சென்னையில் பிறந்த பிடில் வித்வான் ஒருவரும் அதில் வாசித்திருக்கிறார்.

பலர் வாசித்ததை ஒருவர் தம் பெயரில் போட்டுக் கொள்ளலாமா?

இந்தத் தட்டைப் பொறுத்தவரை, முக்கால் பங்கு நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. கால் பங்கு இல்லை.

மழையில் கச்சேரி

கேப்ரியல் இங்கிலாந்துக்காரர். பள்ளிக்கூடத் தோழர்களுடன் சேர்ந்து 1967-ல் "ஜெனிசிஸ்" என்ற குழுவைத் தொடங்கினார். அவர்கள் வாசித்தது "புரோகிரசிவ் ராக்" இசை. ராக் என்றாலே மூன்று நிமிடப் பாட்டும் ஆட்டமும்தான் என்று பலர் நினைப்பார்கள். இது வேறு. ஒரே பாட்டு இருபது நிமிடத்துக்கு மேலும் ஓடும். நடுவில் கதை வரும். தாளம் மாறிக் கொண்டே போகும்.

1975-ல் அவர் குழுவை விட்டு விலகினார்.

பிறகு அவருடைய காது வெளிநாட்டு இசைப் பக்கம் திரும்பியது. 1982-ம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்தில் ஷெப்டன் மாலட் என்ற ஊரில், "வோமாட்" என்ற உலக இசை விழாவை நண்பர்களுடன் சேர்ந்து நடத்தினார். பெருத்த நஷ்டம்! கடன் கொடுத்தவர்கள் கழுத்தை நெரித்தார்கள்.

கைகொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஏழு ஆண்டுக்கு முன் அவர் விட்டு வந்த அதே குழுவினர். அக்டோபர் 2-ந் தேதி மில்டன் கீன்ஸ் நகரில், கொட்டும் மழையில், பழைய தோழர்கள் ஒன்றுகூடிக் கச்சேரி செய்தார்கள். கடனை அடைக்க அந்தப் பணம் உதவியது. விழா பிழைத்தது. பாகிஸ்தானின் கவாலிப் பாடகர் நுஸ்ரத் பதே அலி கான் 1985-ல் அதே விழாவில்தான் பாடினார்.

ஊரார் பாட்டை எடுத்துப் பணம் பண்ணுகிறவர், அந்தப் பாட்டுக்காக முதலில் தம் கையைச் சுட்டுக் கொள்வாரா?

ஒத்து ஊதும் குழல்

1988-ல் மார்ட்டின் ஸ்கார்சசி, ஏசுநாதரைப் பற்றி ஒரு சினிமா எடுத்தார். படத்தைச் சுற்றி எழுந்த கூச்சல் தனிக் கதை. அதற்கு இசை அமைத்தவர் கேப்ரியல். படம் வந்த பிறகும் அந்த இசையை விடாமல் செப்பனிட்டு, மறு ஆண்டு தட்டாக வெளியிட்டார். மொத்தம் 21 உருப்படிகள்.

முதல் உருப்படியே ஆளை உட்கார வைத்துவிடும். ஆர்மீனியாவின் "டூடுக்" என்ற குழல் அதில் ஒலிக்கிறது. ஆப்ரிகாட் பழ மரத்தில் செய்வது. நம் நாதசுரத்தைப் போல இதற்கும் சீவாளி உண்டு. ஒருவர் ராகம் வாசிக்க, மற்றவர் ஒத்து ஊதுவதுபோல் ஒரே சுருதியைப் பிடித்துக் கொண்டிருப்பார். ஆனால் கோவில் வாசல் முழக்கம் இதில் கிடையாது. அழுது ஓய்ந்தவர் பேசும் குரல் போல் இருக்கும். வாசித்தவர்கள் வாச்சே ஹூஸ்பியன், அந்த்ரானிக் அஸ்கரியன்.

அந்தக் குழலோடு சேர்ந்து வருகிற பிடில், எல்.சங்கருடையது.

சங்கர் 1950-ல் சென்னையில் பிறந்தவர். வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே சங்கீத ஆசிரியராக இருந்த தகப்பனார் லட்சுமிநாராயணனே அவருக்குக் குரு. 1958-ல் இலங்கையில் கலவரம் மூண்டது. குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. பின்னாளில் அமெரிக்கா சென்ற சங்கர், இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள புது மாதிரிப் பிடிலை வடிவமைத்தார். அடித்தொண்டை போன்ற கனத்த ஒலியிலிருந்து சாதாரணப் பிடிலின் கீச்சுக்குரல் வரை அந்த ஒரே வாத்தியத்தில் வரும்.

தட்டின் பெயரையே கொண்ட உருப்படியில் நுஸ்ரத் பாடுகிறார். செனகல் நாட்டு யூசு என்டூர் பாடுகிறார். ஜூலியன் வில்கின்ஸ் என்ற சிறுவனும் பாடுகிறான். சங்கரின் பிடிலும் உண்டு. ஒருவர் குரல் மற்றவர் குரலை அமுக்கவில்லை. இப்படிச் சேர்த்துக் கோப்பது லேசான வேலை அல்ல. அந்த வேலைக்காக உறையில் கேப்ரியல் பெயர் இருப்பது தகும்.

கால் பங்குக் குறை

எந்த உருப்படியில் யார் வாசித்தார் என்று தட்டின் உள்ளே வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் "பேஷன் - ஸோர்சஸ்" என்று இன்னொரு தட்டும் வந்தது. கேப்ரியலுக்கு ஊற்றாக இருந்த இசை, அந்தந்தக் கலைஞர்கள் பெயரிலேயே அதில் இருக்கிறது. "நான் தண்ணீர் மொண்ட கிணறு இதுதான்" என்று கூட்டிப் போய்க் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

ஆனால், கிணற்றைத் தனியாக அல்லவா விற்றார்கள்! முதல் தட்டை வாங்குகிறவர் இரண்டாவதையும் வாங்கியாக வேண்டும் என்று என்ன கட்டாயம்? இரண்டையும் ஒரே உறையில் போட்டிருக்கலாம். விலை கொஞ்சம் ஏறியிருக்கும், அவ்வளவுதான். 1990-ல் இந்தத் தட்டுக்கு அமெரிக்காவின் கிராமி பரிசு கிடைத்தபோது, அதுவும் கேப்ரியல் ஒருவர் பெயருக்கே போயிற்று.

கேட்க நினைப்பவர்கள் வரிசையை மாற்றிக் கேட்கலாம். ஆர்மீனியக் குழல் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதி "ஸோர்சஸ்" தட்டில் இருக்கிறது. "காற்று அடங்குகிறது" என்பது அதன் பெயருக்குப் பொருள். முதலில் அதைக் கேட்டுவிட்டு, பிறகு பெரிய தட்டின் முதல் உருப்படியைப் போட வேண்டும். பழகிய அதே குழல் வரும். கூடவே எகிப்தியத் தோல் வாத்தியங்கள் முழங்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிடிலும் வந்து சேரும்.