நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க

நாக்பூர் வந்து 11 வருஷம் ஆச்சு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் கதவைச் சாத்தி, எதிரொலி வராம இருக்க ஜன்னல்ல ரஜாயைத் தொங்கவிட்டு, ஆடாசிட்டில பாட்டுப் பதிவு பண்றதுதான் நம்ம பொழுதுபோக்கு.

போன மாசம் அம்மா நினைவா ஒரு பாட்டு எழுதிப் பாடி, இங்க இருக்கற நாலு தமிழ் நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் "சூப்பர் சார்". இருக்கறதே நாலு குடும்பம், மனசு நோகக்கூடாது பாருங்க! ஊர்லேர்ந்து அக்கா மட்டும் போன் பண்ணி, "தபேலா நல்லா கேக்குதுடா. அம்மாவைப் பத்தி என்ன பாடினே?"ன்னாங்க.

அப்பதான் உறைச்சது. எழுதினவனுக்கு வரி மனப்பாடம். குரல் தாளத்துக்கு அடியில புதைஞ்சாலும் அவன் காதுக்கு மட்டும் கேக்கும். பேங்க்ல ஒருத்தர் போட்ட என்ட்ரியை அவரே பாஸ் பண்ண முடியாது, இன்னொருத்தர் பார்க்கணும். மிக்ஸிங்குக்கும் அதே விதிதான்.

குரலை ஏத்தினா உச்சத்துல பிசிறடிக்கும். அதனால தபேலாவை 4 டெசிபல் இறக்கி அனுப்பினேன். "இப்பப் புரியுது. ஆனா மூணாவது வரி மாதிரி அம்மா பேசமாட்டாங்களே"ன்னாங்க அக்கா. மாத்திட்டேன் :-)

நண்பர் பாட்டு அனுப்பினா, எந்த இடத்துல எந்த வார்த்தை புரியலைன்னு சொல்லுங்க. பாராட்டு அப்புறம் இருக்கட்டும்.