ஐநூறு ரூபாயும் ஒரு பென்டிரைவும்

"அண்ணாச்சி, ஓ.எஸ். போட எவ்வளவு?"

"ஐநூறு தம்பி. உள்ள இருக்கதெல்லாம் போயிரும், பரவால்லயா?"

குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு ஜூலை மாலை. சாரலில் நனைந்தபடி தென்காசிக் கடை ஒன்றில் "பரவால்ல" என்று தலையாட்டினேன். அண்ணனுக்குக் கிடைத்த அரசு லேப்டாப் அது. அதிலிருந்த என் புராஜெக்ட் ரிப்போர்ட் போயே போச்சு! பதிலுக்கு வந்ததோ திருட்டு விண்டோஸ். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. தலையாட்டியவன் நான்தானே?

நண்பர்களே, நாம் டிப்ளமோ கம்ப்யூட்டர் படிக்கிறோம். சி எழுதுகிறோம், ஜாவா எழுதுகிறோம். ஆனால் ஓ.எஸ். போட மட்டும் கடைக்கு ஓடுகிறோம். இது என்ன நியாயம்?

2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் பல லேப்டாப்களில் இருந்தது. அதில் தமிழும் உண்டு. "இது எதுக்குல?" என்று முதல் வேலையாக அழித்தவர்கள்தான் நம்மில் அதிகம். (என் அண்ணனும் அழித்தான்!)

ஐ.எஸ்.ஓ. பைலை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. நானும் மூன்று தடவை செய்து பார்த்து ஏமாந்தேன். பழைய பயாஸ், டிரைவின் முதல் செக்டாரில் பூட் புரோகிராமைத் தேடும், புதிய யு.இ.எஃப்.ஐ., அதற்கென்று இருக்கும் ஈ.எஃப்.ஐ. போல்டரில் தேடும். அதையெல்லாம் அதனதன் இடத்தில் எழுதி வைக்கத்தான் ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள். லினக்ஸில் 'டி.டி.' கட்டளை போதும். ஆனால் டிரைவ் பெயரைத் தப்பாக அடித்தால் ஹார்ட் டிஸ்க்கே காலி! பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதும் அழிந்துவிடும். முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயிறெரிவது இதற்குத்தான்: உபுண்டு, மின்ட் போன்றவற்றை இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். விண்டோஸ் படுத்துவிட்டாலும் டிஸ்க் நன்றாக இருந்தால் பைல்களை வெளியே எடுத்துவிடலாம். அன்று இது தெரிந்திருந்தால் என் ரிப்போர்ட் தப்பியிருக்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு பொதுவாக முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் பலவற்றில் 11 முறைப்படி ஏறாது. அதற்காக அவற்றைப் பரணில் போடுவதா? நம் சங்கம் ஒரு சனிக்கிழமை லேபைக் கேட்டு வாங்கட்டும். ஆளுக்கொரு பென்டிரைவோடு உட்காருவோம்.

என் சாவிக்கொத்தில் இப்போது ஒரு 8 ஜி.பி. தொங்குகிறது. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்... திருப்பித் தந்தால் சரி!