திரை வாங்கும் சங்கங்களுக்கு

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் இடங்களில் எல்லாம் அண்மைக் காலமாக நிர்வாகக் குழுவினர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "காரியாலயத்தில் பெரிய திரை ஒன்று மாட்டப் போகிறோம், அதற்கு எந்த மென்பொருள் வாங்கலாம்?" என்பதே அது. மென்பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன், அத்திரை யாருக்காக என்பதைத் தீர்மானித்துக்கொள்வது அவசியம் என்பது எனது அபிப்பிராயம்.

போத்தனூர் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருப்பவர் அறிவிப்புப் பலகையை நம்பியே மூட்டையைத் தூக்குகிறார். அது பிழைபட்டால் அவருக்கு வண்டி தவறும். சங்கப் பலகை பிழைபட்டாலோ நெசவாளிக்கு ஒரு நாள் கூலியும், விவசாயிக்கு ஒரு பருவத்து உழைப்பின் பலனும் குறையலாம். ஆகவே இதனை அலங்காரப் பொருளாகக் கருதுவது தவறு.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்தறிய வேண்டும். மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையைச் சபையோருக்குக் காட்டுவது ஒரு வேலை. கணினியில் உள்ளதை அப்படியே திரையில் பிரதிபலித்தால் இதற்குப் போதும். மிராகாஸ்ட் என்னும் முறை இணையம் இல்லாமலே இதைச் செய்யும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் அது கூடவே வருகிறது. தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஒரு கம்பியை இணைத்தாலும் காரியம் முடியும். ஆனால் காரியதரிசி தமது சொந்தக் கைப்பேசியைப் பிரதிபலிக்க வேண்டாம். வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணும் சபை முழுவதற்கும் தெரிந்துவிடும்.

நூல் வரத்து, கூலி பட்டுவாடா நாள், ஏல விலை, கடன் மனுக்களுக்குக் கடைசித் தேதி ஆகியவற்றை நாள்தோறும் சுவரில் அறிவிப்பது இரண்டாவது வேலை. அறிவிப்புப் பலகை மென்பொருள் தேவைப்படுவது இதற்கே. இரண்டுக்கும் ஒரே சரக்கு என்று விற்க வருபவரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

நான் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், பெயர் வேண்டாம், புதுத் திரையின் முன் வயோதிக அங்கத்தினர் ஒருவர் வெகுநேரம் நின்றிருந்தார். "ஏனுங்க, இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்று என்னைக் கேட்டார். என்னாலும் வாசிக்க இயலவில்லை. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், திரையில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. 2010 ஜூன் மாதம் நமது கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதே, அரசு ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக ஏற்று ஆணையிட்டது. எனவே மென்பொருள் காட்ட வருபவரிடம் "கொப்பரை", "நெசவு" என்னும் இரு சொற்களை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல் நின்றால் மேற்கொண்டு பேசலாம்.

இன்னொரு சங்கத்தில் நேர்ந்தது இதனினும் கவலைக்குரியது. இணையம் நின்றுபோயிற்று, திரையோ நான்கு நாள் முந்திய கொப்பரை விலையையே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஒருவர் வாடகை வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவந்துவிட்டார். அன்றைய ஏலத்தில் விலை இறங்கியிருந்தது. இணையம் அறுந்தாலும் திரை இயங்க வேண்டும். அதற்காகச் செய்திகளைத் தன்னிடமே சேமித்துவைக்கும் மென்பொருள் வேண்டும். ஆனால் விலைக்கு முடிவு நேரம் குறித்து, அந்த நேரம் கடந்ததும் தானாக மறைக்கும் வசதியும் அதில் இருத்தல் வேண்டும். பழைய விலையைக் காட்டுவதைவிட வெறுந்திரையே மேல். ஒவ்வோர் அறிவிப்பிலும் தேதி இருப்பது கட்டாயம்.

இனிச் செலவு. பல நிறுவனங்கள் ஒவ்வொரு திரைக்கும் மாதக் கட்டணம் வாங்குகின்றன. மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 திரைகளுக்கு 5 ஆண்டுகளில் 60,000 ரூபாய் ஆகும். முதல் மாதத்துத் தொகையை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் பின்னர் தணிக்கையில் விழிப்பதில் பயனில்லை. மூலநிரல் திறந்துவைக்கப்பட்ட மென்பொருள்களும் உண்டு. சிபோ என்பதை நமது கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் காட்டுவதற்கு உரிமக் கட்டணம் இல்லை, ஆண்ட்ராய்டு பெட்டியில் காட்டுவதற்கு உண்டு. ஆந்தியாஸ் என்பது ராஸ்பெரி பை எனப்படும் கையடக்கக் கணினியிலேயே இயங்கும். ஆயினும் இலவசம் என்பதற்காக மட்டும் எடுத்துவிடலாகாது. பழுது வந்தால் கவனிக்க ஆள் வேண்டும். அவ்வாள் அருகில் இல்லையெனில் கட்டணம் செலுத்துவதே சிக்கனமாகவும் அமையலாம்.

வாங்குமுன் 15 நாட்கள் சோதனைக்குக் கேளுங்கள். ஒரு நாள் இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள். மற்றொரு நாள், பழகிய குமாஸ்தா விடுப்பில் இருக்கும்போது வேறொருவர் அறிவிப்பை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் விற்பவரிடம் மட்டும் இருத்தல் கூடாது. சங்கத்தின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். பழைய கரும்பலகையையும் கழற்றிவிட வேண்டாம். மின்சாரம் நின்ற நாளில் அதுவே துணை.

இறுதிச் சோதனையை அங்கத்தினரே நடத்தட்டும். கண்பார்வை மங்கிய ஒரு மூத்த நெசவாளியைத் திரையின் முன் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். யாரையும் கேளாமல் தமக்கு வேண்டியதை அவர் வாசித்துவிட்டால், அந்த மென்பொருளை வாங்கத் தாராளமாகத் தீர்மானம் நிறைவேற்றலாம்.