எழுதக் கைகள் உண்டு, காக்கக் கைகள் எங்கே?

எங்கள் உயர்தர வகுப்பில் ஒப்படை எழுதச் சொன்னால், பெரும்பாலானோர் முதலில் திறப்பது பாடநூலை அல்ல, தமிழ் விக்கிப்பீடியாவை. கலப்பிரிவு முதல் சித்திலெப்பை வரை எல்லாம் அங்கே கிடைக்கின்றன. கிடைத்ததைப் பிரதி செய்து விட்டு மூடி விடுகிறோம். இதை யார் எழுதினார், பிழையாக இருந்தால் யார் திருத்துவார், நேற்று யாரோ குறும்புக்காக மாற்றிய வரியை யார் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: சம்பளம் வாங்காத சிலர்.

அந்தச் சிலரைப் பற்றியே இக்கட்டுரை. ஒரு தொண்டர் முயற்சி வேகமாக வளரும்போது அதற்கு மிகவும் குறைவாகக் கிடைப்பது பணமோ புதிய கட்டுரைகளோ அல்ல, இருப்பதைப் பராமரிக்கும் கைகள்தான் என்பது என் கருத்து. ஊவாவில் இருக்கும் நாம் அந்தக் கைகளாக முடியும் என்பதும் என் கருத்து.

முதலில் சிறிது வரலாறு. ஆங்கிலத்தில் விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழ்ப் பதிப்பு 2003 இல் பிறந்தது. அதன் ஆரம்ப நாட்களில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரும் அப்போது வளைகுடா நாட்டில் பணியாற்றியவருமான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கி, ஏறக்குறையத் தனி ஒருவராகவே கட்டுரைகளை எழுதிச் சேர்த்து வந்தார். பின்னர் தமிழ்நாடு, இலங்கை, புலம்பெயர் நாடுகள் என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. இன்று அது ஒன்றரை இலட்சத்தையும் கடந்து விட்டது. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. இலங்கையர் ஒருவர் தொடக்கி வைத்த இந்தப் பணியைப் பற்றி இலங்கை மாணவிகளாகிய நாம் பெருமைப்பட வேண்டும். ஆனால் பெருமைப்படுவதோடு நின்று விடக் கூடாது.

ஏனென்றால் கட்டுரைகள் இலட்சக் கணக்கில் பெருகிய அளவுக்கு அவற்றைக் கவனிப்போர் பெருகவில்லை. அங்கே நிர்வாகிகளாகப் பொறுப்பேற்றிருப்பவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்களுக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் திறந்து, அன்று யார் எதை மாற்றினார்கள் என்று பார்ப்பார்கள். பத்திரிகையிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியதை நீக்குவார்கள். விஷமத்தனமாக எழுதியதை அழிப்பார்கள். புதிதாக வந்தவருக்கு விதிகளை விளக்குவார்கள். இரண்டு பேர் மோதிக் கொண்டால் சமாதானம் செய்வார்கள். பொது விடயங்களைக் கூடிப் பேசுவதற்கு அங்கே ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். அழகான பெயர்தான். ஆனால் ஆலமரத்தடியில் தினமும் கூட்டிப் பெருக்குவதற்கும் ஆள் வேண்டும் அல்லவா?

இதை விளங்கிக் கொள்வதற்கு நம் மலைகளைப் பார்த்தாலே போதும். தேயிலைக் கன்றை நடுவது ஒரு தடவைதான். அதன் பிறகு களை பிடுங்க வேண்டும், உரம் போட வேண்டும், சில வருடங்களுக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்ட வேண்டும். வெட்டாமல் விட்டால் செடி மரமாகி விடும், கொழுந்து கிடைக்காது. ஒரு கட்டுரையும் அப்படித்தான். எழுதுவது ஒரு நாள் வேலை. அமைச்சர் மாறுவார், குடிசனத் தொகை மாறும், பாதை அகலமாகும், புதிய ஆய்வு வரும். கட்டுரையை அதற்கேற்ப மாற்றுவது முடிவில்லாத வேலை. எனவே ஒவ்வொரு புதிய கட்டுரையும் ஒரு சொத்து என்பதைப் போலவே ஒரு சுமையும்தான்.

ஆனால் நாம் எதை எண்ணுகிறோம்? மடுவத்தில் கொழுந்து நிறுப்பதைப் போலக் கட்டுரைகளை எண்ணுகிறோம். தமிழ்நாட்டு அரசு 2010 இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தது. 2018 இல் ‘வேங்கைத் திட்டம்’ என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கிடையே போட்டி நடந்தது. அதன் இரண்டாம் கட்டத்தில் தமிழ் முதலிடம் பெற்றது. இவை நல்ல முயற்சிகள். புதியவர்களைக் கூட்டி வந்தன. எனினும் போட்டி முடிந்ததும் பலர் போய் விடுவார்கள், கட்டுரைகள் மட்டும் தங்கி விடும். அவற்றைப் பார்த்துக் கொள்வது பழைய ஆட்களின் தலையில் விழும். களை பிடுங்கியவரின் உழைப்பு தராசில் ஏறுவதில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. 2009 அளவில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளில் மாற்றி விக்கிப்பீடியாக்களில் சேர்த்தது. நீளமான கட்டுரைகள் மளமளவென்று வந்தன. ஆனால் வசனங்கள் தமிழாக இல்லை. தமிழ் வாசகருக்கு அவசரமாகத் தேவைப்படாத தலைப்புகளும் பல இருந்தன. பிழையைச் சுட்டிக் காட்டினாலும் எழுதியவரிடமிருந்து பதில் வருவது அரிதாக இருந்தது. வங்காள மொழித் தொண்டர்கள் அப்படி வந்தவற்றை ஏற்க மறுத்தார்கள். தமிழ்த் தொண்டர்கள் அந்நிறுவனத்தோடு பேசித் தரத்தைக் கூட்ட முயன்றார்கள். இந்த அனுபவத்தை அ. இரவிசங்கர் 2010 இல் போலந்தில் நடந்த உலக விக்கிப்பீடியர் மாநாட்டில் எடுத்துரைத்தார். இன்று செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் ஒரு கட்டுரையைத் தந்து விடுகிறது. அப்படியானால் சரிபார்ப்பவரின் சுமை எத்தனை மடங்காகும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

அடுத்த சவால் நம் பாடநூல்களுக்கு நெருக்கமானது. நாங்கள் படிப்பது பௌதிகவியல், இரசாயனவியல். தமிழ்நாட்டு மாணவி படிப்பது இயற்பியல், வேதியியல். நமக்கு ஒட்சிசன், அவளுக்கு ஆக்சிஜன். நமக்குக் கலம், அவளுக்குச் செல். விக்கிப்பீடியாவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எந்தச் சொல்லைத் தலைப்பாக வைப்பது? மற்றச் சொல்லைத் தேடி வருபவரை ‘வழிமாற்று’ மூலம் அதே பக்கத்துக்குக் கொண்டு வரலாம், கட்டுரைக்குள் இரண்டையும் குறிப்பிடலாம். ஆனால் அதைச் செய்வதற்கு இலங்கைப் பாடநூலைப் படித்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். நாம் போகாவிட்டால் நம் சொற்கள் மெல்ல மெல்லக் காணாமல் போகும். அதற்காகப் பிறகு எவரிடமும் போய்க் குறைப்பட முடியாது.

சொல்லை விடவும் பெரியது உண்மை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை நம் மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டு லயன்கள் புதைந்தன. முதல் நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் புதையுண்டதாக அஞ்சப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பத்திரிகைக்குப் பத்திரிகை எண்கள் வேறுபட்டன. தோட்டத்தின் பெயரைக்கூட மீரியபெத்த, மீரியபெத்தை, மீரியாபெத்தை என்று பலவாறு எழுதினார்கள். இப்படியான ஒரு நிகழ்வைப் பதிபவர் எந்த எண்ணை நம்புவது? கேள்விப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்காமல் நடந்து கொள்ளக் கூடாது என்று சூறா அல்-ஹுஜுராத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. விக்கிப்பீடியாவில் ஒரு வரிக்குச் சான்று கேட்பதும் அதே பண்புதான். ஓர் உயிரை எண்ணுவது அமானிதம். கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது.

ஆனால் சான்று கேட்கும் அந்த விதியே நம் மலைநாட்டுக்குத் தடையாகவும் இருக்கிறது. பிரத்தியேக வகுப்பில் என் பக்கத்தில் அமரும் தோழி பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறாள். எந்த மலைக்கு என்ன பெயர், எந்தக் கோயில் யார் காலத்தில் கட்டியது, எந்த லயம் எப்போது இடிந்தது என்று அவளுடைய பாட்டிக்கு அத்தனையும் தெரியும். ஆனால் பாட்டியின் வாய்மொழியைச் சான்றாகக் காட்ட முடியாது. அச்சில் வந்திருக்க வேண்டும். அச்சில் எழுதியவர்களோ பெரும்பாலும் துரைமார்களின் கணக்கைத்தான் எழுதினார்கள். இந்த இடத்தில் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தை நன்றியோடு நினைக்க வேண்டும். அதுவும் தன்னார்வலர்களால் ஆரம்பிக்கப்பட்டதே. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் எனப் பலவற்றை மின்வருடி அங்கே வைத்திருக்கிறார்கள். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்தக் கல்லூரிச் சஞ்சிகைகூட ஒரு நாள் ஒருவருக்குச் சான்றாகலாம். அதனால் இதில் எழுதும் நாமும் ஊரின் பெயர்களையும் திகதிகளையும் கவனமாக எழுத வேண்டும்.

இத்தனை வேலைகளுக்கும் நடுவில் தொண்டர்கள் களைத்துப் போகிறார்கள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்தவர்களுக்கு இது விளங்கும். நாற்பது பேர் உள்ள குழுவிலேயே “நோட்ஸ் எங்கே?”, “அவளை ஏன் நீக்கினாய்?” என்று கேள்விகள் குவியும். நன்றி சொல்பவர் ஒருவர் இரண்டு பேர்தான். திருத்துபவரைக் ‘குறை பிடிப்பவர்’ என்றே பார்க்கிறோம். இதில் தொண்டர்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. புதிதாக வந்த மாணவியின் முதல் கட்டுரையைக் காரணம் சொல்லாமல் நீக்கினால் அவள் திரும்பி வர மாட்டாள். களைப்பு கடுஞ்சொல்லாக மாறும்போது சமூகம் சுருங்கத் தொடங்கி விடும். சுமையைப் பகிர ஆட்கள் இருந்தால்தான் மென்மையாகப் பேசவும் நேரம் இருக்கும்.

பெற்றோர்களிடம் மரியாதையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளை இணையத்தில் ஏதோ செய்கிறாள் என்றால் உங்களுக்குப் பயம் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் விக்கிப்பீடியாவில் சொந்தப் பெயர் தேவையில்லை, புனைபெயர் போதும். புகைப்படம் கேட்பதில்லை, தொலைபேசி இலக்கம் கேட்பதில்லை, மின்னஞ்சல்கூடக் கட்டாயமில்லை. பிள்ளை செய்த ஒவ்வொரு மாற்றமும் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகும், நீங்களும் பார்க்கலாம். விக்கிமீடியா நிறுவனம் 2011 இல் உலகளவில் நடத்திய கருத்தாய்வில், எழுதுபவர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிய வந்தது. நம் பிள்ளைகளைத் தடுத்து வைத்தால், பெண்களைப் பற்றியும் முஸ்லிம்களைப் பற்றியும் மலையக மக்களைப் பற்றியும் மற்றவர்களே எழுதுவார்கள், நாம் வாசிப்போம். அது போதுமா?

“பரீட்சை இருக்கிறதே” என்பீர்கள். எனக்கும் இருக்கிறது. நான் நாள் முழுவதையும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணித்தியாலம், பாடசாலைக் கணினிக் கூடத்தில், ஓர் ஆசிரியையின் மேற்பார்வையில். முதல் தவணையில் ஒரு புதிய கட்டுரையும் எழுத வேண்டாம். பதுளையையும் ஊவாவையும் பற்றி ஏற்கெனவே இருக்கும் பக்கங்களை வாசித்து எழுத்துப் பிழை திருத்துவோம், சான்று இல்லாத இடத்தில் சான்று தேடுவோம், நம் பாடநூற் சொற்களைச் சேர்ப்போம். தமிழ்த் தினத்தன்று பரிசு கொடுப்பதாக இருந்தால், அதிகம் எழுதியவருக்கு மட்டுமன்றி அதிகம் திருத்தியவருக்கும் ஒரு பரிசு கொடுங்கள். உயர்தரம் முடித்துப் போகும் அக்காமார் அடுத்த வகுப்புத் தங்கைமாருக்குப் பொறுப்பை முறையாகக் கையளித்து விட்டுப் போகட்டும். தொண்டு முயற்சிகள் பெரும்பாலும் நின்று போவது ஆர்வம் இல்லாததால் அல்ல, கையளிக்க ஆள் இல்லாததால்தான்.

வீட்டில் ஒரே ஒரு கைப்பேசியை அண்ணனோடு பகிர்ந்து கொள்ளும் என் பசறைத் தோழிக்கும் அந்தக் கணினிக் கூடம் போன்ற ஓர் இடம் அவளுடைய பாடசாலையில் திறந்திருக்க வேண்டும். தன் ஊரின் பெயரை எப்படி எழுதுவது என்று அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.