பெருநாள் காசும் முதல் கேமிங் கணினியும்





நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாம் வாரம், அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் முன்பு ஓதிய மாணவன் ஒருவன் பள்ளிவாசல் திண்ணையில் காத்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவன். கையில் ஒரு கடையின் விலைப்பட்டியல். “ஹஜ்ரத், கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். அத்தாவிடம் போனில் கேட்டேன். ஹஜ்ரத்திடம் காட்டிவிட்டு வாங்கு என்று சொல்லிவிட்டார்” என்றான். அவனுடைய அத்தா வளைகுடாவில் வேலை செய்கிறார். பையன் சேர்த்து வைத்திருந்தது 42,000 ரூபாய். பல ஆண்டுப் பெருநாள் காசும், விடுமுறைகளில் மாமாவின் கடையில் நின்று பெற்ற கூலியும் அதில் அடக்கம். பட்டியலின் மொத்தமோ 58,000. மீதியைத் தவணையில் கட்டலாம் என்று கடைக்காரர் கூறியிருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வந்த வேறொரு மாணவனுக்கு நான் ஒற்றைச் சொல்லில் பதில் கூறி அனுப்பிவிட்டேன். அவன் விளையாட்டையும் விடவில்லை, கணினியையும் விடவில்லை. என்னிடம் கேட்பதைத்தான் விட்டான். அந்த வருத்தம் இன்றும் என் உள்ளத்தில் இருக்கிறது. ஆகவே இம்முறை பட்டியலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்தேன். மத்ரஸாவின் பழைய கணினிகளைப் பழுது பார்ப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருப்பதால் அதிலுள்ள பெயர்கள் எனக்குப் புதியவை அல்ல.

நான் ஃபத்வா வழங்கும் தகுதியில் இதை எழுதவில்லை. தொழுகையைப் பாழாக்காத, ஆபாசமும் சூதும் கலவாத பொழுதுபோக்கு ஆகுமானது என்பதே நாம் படித்த பொது விதி. அந்த வரம்புக்குள் நின்று ஒரு பிள்ளை தன் காசைச் செலவிட முன்வந்தால், அதை எப்படிச் செலவிடுவது என்று கற்றுக்கொடுப்பதும் மார்க்கக் கல்வியின் ஒரு பகுதியே என்பது என் கருத்து. செலவிடும்போது வீண்விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் காட்டாமல் இரண்டுக்கும் இடையே நிற்போரை அர்ரஹ்மானின் அடியார்களாக அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:67) அறிமுகம் செய்கிறது. அந்த நடுநிலையைப் பதினேழு வயதுப் பிள்ளை எங்கே பழகுவான்? தன் முதல் பெரிய செலவில்தான் பழகுவான்.

தேவையை முதலில் அளத்தல்

“நீ எதை விளையாடப் போகிறாய்?” என்பதே என் முதல் கேள்வி. கால்பந்தும் கார்ப் பந்தயமும் என்றான். “எந்தத் திரையில்?” என்றேன். சாதாரண 1080பி திரை. அதில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு நொடியில் அறுபது முறை வரைய வேண்டிய சுமை கிராபிக்ஸ் கார்டின் மீது விழுகிறது. திரை எதுவென்று தெரியாமல் கார்டு வாங்குவது, எத்தனை பேர் உண்ணப் போகிறார்கள் என்று கேளாமல் உலையில் அரிசி போடுவதைப் போன்றது.

கடைப் பட்டியலில் விலையுயர்ந்த பிராசஸர் இருந்தது. கண்ணாடிக் கேபினெட், வண்ண விளக்குகள், நீரால் குளிரூட்டும் கருவி எல்லாம் இருந்தன. கிராபிக்ஸ் கார்டோ 2 ஜிபி நினைவகமுள்ள மிகப் பழைய வகை. விளையாட்டை ஓட்ட வேண்டிய உறுப்பு நலிந்தும், பார்ப்பவர் கண்ணைப் பறிக்கும் உறுப்புகள் கொழுத்தும் இருந்தன. விளக்குகள் விளையாட்டின் வேகத்தைச் சிறிதும் கூட்டுவதில்லை. பிறர் காண வேண்டும் என்பதற்காகச் செய்யும் செலவு எந்த நோயின் அறிகுறி என்பதை மக்தபில் படித்த பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டு அந்த வரிகளை அடித்தான்.

விளையாட்டுக்கென்று வாங்கும் கணினியில் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையேனும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவது பொதுவான வழக்கம். 42,000 ரூபாயில் திரையும் சேர்த்து வாங்க வேண்டியவனுக்கு அது இயலாது. எனவே வேறு வழியைக் காட்டினேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரில் ஓரளவு திறனுள்ள கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்திருக்கிறது. காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால் எளிய விளையாட்டுகள் பல 1080பி திரையில் அதிலேயே ஓடும். பின்னாளில் காசு சேரும்போது தனிக் கார்டைப் பொருத்திக்கொள்ளலாம். இதில் ஒரு குறையும் உண்டு. இதன் எல்3 நினைவகம் 16 எம்பி. ஜி இல்லாத 5600இல் 32 எம்பி. கார்டை இன்றே வாங்க வசதியுள்ளவர்கள் 5600ஐத் தேர்வதே முறை. இன்டெல் பிராசஸர்களில் எஃப் என்ற எழுத்தில் முடிபவற்றுக்கு உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் அவற்றை வாங்கினால் திரையில் ஒன்றும் தோன்றாது.

உள்ளமைந்த கிராபிக்ஸ், ரேமையே தன் நினைவகமாகவும் பயன்படுத்துகிறது. ஆதலால் ஒற்றை 16 ஜிபி ரேமைவிட, 8 ஜிபி ரேம் இரண்டைச் சோடியாகப் பொருத்துவது மேல். தரவு செல்லும் பாதை இரட்டிப்பாகும்; பலன் கண்கூடாகத் தெரியும். இயங்குதளத்துக்கு ஓர் எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும். பழைய மதர்போர்டு வாங்குவோர், அந்தப் பிராசஸருக்கு ஏற்றவாறு அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டறிய வேண்டும்.

மறைந்திருக்கும் பொருளில்தான் அமானிதம்

எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டியைப் பெரும்பாலோர் கடைசியில் நினைக்கிறார்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயரற்ற மின்பெட்டி ஒன்று எங்கள் மத்ரஸா அலுவலகக் கணினியில் ஒரு மழைநாள் மாலையில் புகைந்து, மதர்போர்டையும் உடன் கொண்டுபோனது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்ததற்குச் சில ஆயிரங்களை இழந்தோம். அதுவும் பொதுமக்களின் நன்கொடைப் பணம் என்பதை எண்ணி வெட்கினேன். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ‘80 பிளஸ்’ முத்திரையும் மின்சாரம் வீணாகாத அளவையே குறிக்கிறது. உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அது முழு உத்தரவாதம் அன்று. பெயர்பெற்ற தயாரிப்பு, சில ஆண்டு உத்தரவாதம், பில் ஆகிய மூன்றையும் பாருங்கள். நல்ல 550 வாட் பெட்டி ஒன்று இருந்தால், ஆர்எக்ஸ் 6600 அளவிலான கார்டைப் பின்னர் சேர்க்கும்போது அதை மாற்ற வேண்டியதில்லை.

பயன்படுத்திய கார்டு வாங்கலாமா என்றும் கேட்டான். வாங்கலாம், ஆனால் விசாரித்து வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவு பகலாக நாணயச் சுரங்கத்தில் உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றைத் துடைத்து, புதிய பெட்டியில் வைத்து விற்றோரும் உண்டு. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. கார்டு விற்கும் நம் சகோதரர்களுக்கும் அதில் பாடம் உண்டு. வாங்குபவர், அதைப் பொருத்தி அரைமணி நேரமேனும் கடினமான விளையாட்டை ஓட்டிப் பார்த்தபின் காசு கொடுக்கட்டும். குறை மறைக்கப்பட்டிருந்தால் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நமக்கு வழங்கியுள்ளது. ‘பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் அந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம்.

‘வட்டியில்லாத் தவணை’

குறைந்த 16,000 ரூபாய்க்குக் கடைக்காரர் கூறியது, கிரெடிட் கார்டில் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. வட்டியே இல்லை என்ற பெயரால் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கும் இதைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் வங்கி வட்டி போடுகிறது. அதற்கு ஈடான தொகையைக் கடை தள்ளுபடியாகக் குறைக்கிறது. மாதாந்தர அறிக்கையில் வட்டி என்று ஒரு வரியும், அந்த வட்டியின் மீது ஜிஎஸ்டி என்று இன்னொரு வரியும் இருக்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. விளையாட்டுக்காக வட்டி ஒப்பந்தத்தில் கையொப்பமிட எந்த நிர்ப்பந்தமும் நமக்கு இல்லை. வெயிலில் உழைக்கும் தந்தையின் தோளில் அதை ஏற்றுவதற்கு அறவே இல்லை. கடைக்காரர் தாமே வட்டியின்றி, விலையை ஏற்றாமல் தவணை தந்தால் அது வேறு செய்தி.

திருட்டு விண்டோஸும் உடைக்கப்பட்ட விளையாட்டுகளும் இவ்வகையே. அது பிறர் உழைப்பின் உரிமை. லினக்ஸ் இலவசம்; இலவசமாகவே வழங்கப்படும் விளையாட்டுகளும் ஏராளம். விளையாட்டுக்குள் காசு கட்டி, என்ன வருமென்று தெரியாமல் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் நாட்டின் ஆணையம் சூதாட்டம் என்றே அறிவித்தது. மைஸிரை விலக்கும் நாம் அந்நாட்டினும் பின்தங்கலாமா?

“ஹஜ்ரத் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்து கொடுக்கிறாரே!” என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களின் அச்சம் பொய்யன்று. ஃபஜ்ரைத் தூக்கத்தில் தொலைக்கும் இளைஞர்களை நானும் காண்கிறேன். எனினும் பூட்டிய அறையில் கைப்பேசியோடு கிடக்கும் பிள்ளையைவிட, கூடத்தில் எல்லாரும் நடமாடும் இடத்தில் கணினி வைத்திருக்கும் பிள்ளையை வழிநடத்துவது எளிது. கூடத்தில் வைப்பது, பாங்கு சொன்னால் அணைப்பது, இஷாவுக்குப் பின் தொடாதிருப்பது என்ற மூன்று நிபந்தனைகளையும் அவன் அந்தப் பட்டியலின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினான்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், கடனில்லாமல், கையிலிருந்த காசுக்குள் கணினியை வாங்கிவிட்டான். கார்டுக்கான இடம் காலியாகவே இருக்கிறது. அடுத்த பெருநாளுக்கு நிரப்பலாம் என்கிறான். சென்ற வாரம் அதில் மக்தபா ஷாமிலாவை நிறுவித் தரச் சொன்னான். அதற்குக் கார்டே தேவையில்லை என்று சொல்லி நிறுவிக் கொடுத்தேன். ஃபஜ்ர் ஜமாஅத்தில் எல்லா நாளும் அவனைக் காண்கிறேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வராத நாளில் நான் கேட்கிறேன். அவன் மறைக்காமல் பதில் சொல்கிறான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படியொரு பட்டியலோடு வந்தால், மறுப்பதற்கோ காசைத் தூக்கிக் கொடுப்பதற்கோ முன், அருகில் அமர்ந்து அதை ஒருமுறை முழுவதும் படியுங்கள்.

நம் பொருளையும் பொழுதையும் அல்லாஹ் பொருந்திக்கொள்ளும் வழியில் செலவிட நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.